நல்ல மனசு டாக்டர்

காரைக்காலில் பிறந்தவனுக்குப் புரியாத பாஷை ஒரு புதுமை அல்ல. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைத் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பெற்றார்கள். நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சட்டப்படி முழுவதும் கைமாறியது 1962 ஆகஸ்டு 16-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் பேசியது தமிழ், சர்க்கார் பேசியது பிரெஞ்சு. என் தாத்தா பிரெஞ்சில் எழுதிய ஒரு பத்திரத்தைத் தலைமாட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் ஒரு வரி அவருக்குப் படிக்கத் தெரியாது. தம் நிலத்துக்கு அதுதான் ஆதாரம் என்று நம்பினார். ஆதாரம் சரியாகவே இருந்தது. புரியாததைக் கேட்டுத் தலையசைப்பது எங்கள் ஊர்த் தண்ணீரோடு வந்த பழக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பிரெஞ்சைப் பற்றி அல்ல, சிங்களத்தைப் பற்றி. என் பிள்ளைப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த டாக்டர் சிங்களம் பேசினார். அவர் மனிதர்களுக்கு வைத்தியம் செய்தது குறைவு. வாத்து, குரங்கு, நாய், பன்றி இவற்றோடுதான் அவருக்குப் பேச்சு. ஒரு சித்திரப் படத்தில் வந்த டாக்டர் அவர்.

சிங்களச் சித்திரப் படம் காரைக்காலுக்கு எப்படி வந்தது என்று இன்றைய வாசகர்கள் கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ல். அதன் அலை காரைக்கால் வரை எட்டவில்லை; இடையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தரை இருந்தது. இலங்கையிலோ 1979 ஏப்ரலில் டெலிவிஷன் வந்தது. பிறகு ஜப்பான் அரசாங்கத்தின் உதவியோடு 1982 பிப்ரவரி 15-ல் ரூபவாஹினி தொடங்கியது. அந்தத் தீவின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு 2,524 மீட்டர் உயரத்தில், அதன் அலைபரப்பியை வைத்தார்கள். வடக்கே வன்னிக் காட்டில் கொக்காவில் என்ற இடத்தில் இன்னொரு கோபுரம் நின்றது. அங்கிருந்து எங்கள் கடற்கரைக்கு இடையில் யாழ்ப்பாணத்துச் சமதரையும் கடல் தண்ணீரும்தான். மலை இல்லை, கட்டடம் இல்லை. காற்று அடங்கிய கோடை இரவில், கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் சூடான காற்று ஒரு கூரை போலக் கவிந்து நிற்கும். அலைகள் அந்தக் கூரையில் முட்டி வளைந்து, போக வேண்டிய தூரத்துக்கும் அப்பால் போகும். எங்களுக்கு இந்த விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. சித்திரை, வைகாசியில் இலங்கை 'பளிச்சென்று' தெரியும், ஐப்பசி மழையில் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

ஆகவே எண்பதுகளில் வேதாரண்யம் முதல் எங்கள் ஊர் வரை கடற்கரை வீடுகளின் மேல் ஒரு புது மரம் முளைத்தது. இரும்புக் குழாயின் மேல் இன்னொரு குழாய், அதற்கும் வசதியில்லாதவர்களுக்குச் சவுக்குக் கட்டை. உச்சியில் மீன் முள் மாதிரி ஏரியல். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி. ஒரு பையன் மாடியில் நின்று குழாயைத் திருப்புவான். ஒருவர் கூடத்தில் பெட்டிக்கு முன் இருப்பார். நடுவே மாடிப்படியில் ஓர் அம்மாள் நின்று செய்தியைக் கடத்துவாள்.

"தெரியுதா?"

"இன்னும் கொஞ்சம் கெழக்கே... இன்னும்... அய்யோ, போச்சு! திருப்புடா பழையபடி!"

1984-க்குப் பிறகு சிறிய அலைபரப்பிகள் ஊர் ஊராக வந்தன. அவை செயற்கைக் கோள் வழியாக டெல்லியைத்தான் கொண்டு வந்தன. ஆக, எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இருந்த தேர்வு இதுதான்: மேற்கே திருப்பினால் புரியாத ஹிந்தி, தென்கிழக்கே திருப்பினால் புரியாத சிங்களம். ரூபவாஹினியில் அவ்வப்போது தமிழும் வந்தது. இலங்கை வானொலியின் தமிழைக் கேட்டு வளர்ந்த எங்கள் தாயார்களுக்கு அதுவே போதுமான காரணம். குழந்தைகளுக்குக் காரணம் வேறு. குழந்தைகளுக்கு அந்த டாக்டர்தான் காரணம்.

எங்கள் வீட்டில் பெட்டி கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இந்தோசீனாவில் சண்டை போட்டவர். பிரான்சிலிருந்து வரும் பென்ஷன் பணத்தில் தெருவிலேயே முதல் டெலிவிஷனை அவர்தான் வாங்கினார். அவர் வீட்டுத் திண்ணை அறையில் இலங்கையிலிருந்து வந்த ஒருவர் குடியிருந்தார். எங்களுக்கு அவர் 'இலங்கை மாமா'. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து வாடகையைச் சமாளித்து வந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் டாக்டரின் கதையை முடித்துவிடுகிறேன்.

டாக்டர் டூலிட்டில் என்ற அந்தப் பாத்திரம் பிறந்தது ஒரு யுத்த களத்தில். ஹ்யூ லாஃப்டிங் 1886-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், எஞ்சினீயர். முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழியில் இருந்தார். வீட்டிலிருந்த குழந்தைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். நடப்பதை எழுதினால் குழந்தைகள் தாங்காது. சில சமயம் சொல்லக்கூட ஒன்றும் இருக்காது. சண்டையில் குதிரைகளும் மனிதர்களோடு அடிபட்டதை அவர் பார்த்தார். அடிபட்ட சிப்பாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்; அடிபட்ட குதிரையைச் சுட்டுவிட்டார்கள். குதிரைக்கு வைத்தியம் செய்ய வேண்டுமானால் குதிரையின் பாஷை தெரிந்திருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்துதான் மிருகங்களோடு பேசும் டாக்டர் பிறந்தார். சித்திரத்தோடு வீட்டுக்குப் போன கடிதங்கள் 1920-ல் புத்தகமாயின. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல புத்தகங்கள். 1947-ல் லாஃப்டிங் காலமானார்.

1967-ல் ஹாலிவுட்டில் அது பெரிய சினிமாவாக வந்தது. அதன் பிறகு, 'பிங்க் பாந்தர்' சித்திரங்களை எடுத்த டெபாட்டி–ஃப்ரெலெங் கம்பெனியார் 1970-ல் அமெரிக்க டெலிவிஷனுக்காகப் பதினேழு பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராக எடுத்தார்கள். டாக்டர் கப்பலில் ஊர் ஊராகப் போவார். மிருகங்களோடு பேசும் ரகசியத்தைத் திருடி உலகத்தையே ஆளலாம் என்று ஒரு கடற்கொள்ளைக்காரன் துரத்துவான். அமெரிக்காவில் அதற்குப் பெரிய பேர் ஒன்றும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் ஓடி ஓய்ந்த தொடர்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சாதாரணத் தொடர் ஒரு தீவு முழுவதும் பாடம் போல மனத்தில் பதிந்ததற்குக் காரணம் ஒரே மனிதர். டைட்டஸ் தொட்டவத்த என்று பெயர். 1929-ல் பிறந்தவர். இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவில் படத்தொகுப்பாளராக இருந்து, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் ஆகியோரோடு வேலையை விட்டு வெளியே வந்தவர். மூவரும் சேர்ந்து எடுத்த 'ரேகாவ' 1956-ல் வெளிவந்தது. சிங்கள சினிமாவைச் சொந்த மண்ணில் கால் ஊன்ற வைத்த படம் என்று அதைச் சொல்வார்கள். அதைத் தொகுத்தவர் தொட்டவத்த. பின்னாளில் அவரே இயக்கிய 'ஹந்தயா' என்ற குழந்தைகள் படம் இத்தாலியில் ஜிஃபோனி விழாவில் பரிசு பெற்றது. ரூபவாஹினி வந்தபோது வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் பிரிவை அவர் உருவாக்கினார். 2011-ல் காலமானார்.

அவர் செய்த முதல் காரியம் பெயரை மாற்றியது. டூலிட்டில் என்றால் ஆங்கிலத்தில் 'கொஞ்சமாக வேலை செய்கிறவர்' என்று ஒரு கிண்டல் ஒலிக்கும். சிங்களத்தில் அவர் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். 'தொஸ்தர' டாக்டர், 'ஹொந்த' நல்ல, 'ஹித' மனம். இந்த 'ஹித' நம்முடைய 'சித்தம்' என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. சோம்பேறி டாக்டராக இருந்தவர் கடல் கடந்து வந்ததும் நல்ல மனத்து டாக்டராகிவிட்டார். பக்ஸ் பன்னி என்ற முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. வேறொரு பூனைத் தொடர் 'பிஸ்ஸு பூஸா'. இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பன் தன் அவையடக்கத்தில் பூனையைப் 'பூசை' என்றுதான் சொல்கிறான். பிஸ்ஸு நம்முடைய பித்து. நாம் மறந்துபோன பூனை கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு உலாவிக்கொண்டிருந்தது!

தொட்டவத்த வசனத்தை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பாத்திரங்களைத் தம் ஊரில் குடியேற்றினார். இது எளிய காரியம் அல்ல. குரல் மாற்றும் வேலையின் ரகசியம் தெரிந்தால்தான் அதன் கஷ்டமும், அது எவ்வளவு எளிதில் அழிந்துபோகும் என்பதும் விளங்கும்.

சித்திரப் படத்தை விற்கிறவர்கள் படச் சுருளோடு ஒலியை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். ஒன்றில் பேச்சு, இன்னொன்றில் இசையும் கதவு சாத்தும் ஓசையும் நாய் குரைப்பும். வாங்கிய நாட்டார் பேச்சை எடுத்துவிட்டுத் தம் பேச்சைப் பதித்து, இசையோடு கலக்க வேண்டும். சித்திரத்தின் வாய் எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அத்தனைக்குள் சொல் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் ஓரசையில் முடிகிற சொல்லுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் நாலு அசை வேண்டியிருக்கும். இதற்காக நடிகர்கள் இருட்டறையில் நின்று, திரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பேசுகிறார்கள். அவர்கள் முகம் யாருக்கும் தெரியாது.

இப்படிச் செய்த குரல்நாடாவுக்கு ஆயுள் எவ்வளவு? உரிமை வாங்கிய ஒப்பந்தத்தின் ஆயுள்தான். இத்தனை வருஷம், இத்தனை முறை, இந்த நாட்டில், இந்த மொழியில் என்று எழுதியிருக்கும். காலம் முடிந்தால் ஒளிபரப்ப முடியாது. ஒளிபரப்ப முடியாத நாடாவுக்கு அலமாரியில் இடம் எதற்கு? அந்தக் காலத்து நாடாவோ விலை அதிகம். உலகமெங்கும் டெலிவிஷன் நிலையங்களில் பழையதை அழித்துப் புதியதைப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் பி.பி.சி.யிலேயே 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் அறுபதுகளைச் சேர்ந்த பல பகுதிகளை இப்படி அழித்துவிட்டார்கள். தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை காணாமல் போயின. ஆனால் ஒரு விசித்திரம்: அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த ரசிகர்கள் சிலர் ஒலியை மட்டும் தங்கள் சொந்த நாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதனால் படம் போனாலும் குரல் முழுவதும் கிடைத்தது. பிறமொழிக் குரலில் வந்த சித்திரப் படங்களின் கதி இதற்கு நேர் எதிர். படம் எங்கும் போகாது. சொந்தக்காரரிடம் பத்திரமாக இருக்கும். குரல்தான் போகும். போனால் இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் கிடையாது.

தமிழர்களாகிய நாம் இதில் பிறரைக் குறை சொல்லும் நிலையில் இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' நம் முதல் பேசும் படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. முதல் பேச்சையே தொலைத்தவர்கள் குழந்தைகளின் சித்திரப் படத்தையா பாதுகாக்கப் போகிறோம்? 2007-ல் சுட்டி டிவி வந்தது. என் மகள் 'டோராவின் பயணங்க'ளைப் பார்த்து வளர்ந்தாள். அமெரிக்காவில் 'பூட்ஸ்' என்று பேர் கொண்ட குரங்குக் குட்டி தமிழில் 'புஜ்ஜி' ஆயிற்று. தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் டோராவோடு புஜ்ஜியைத்தான் சொல்லும். அந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. தொட்டவத்தையை ஒரு தேசம் அறியும். புஜ்ஜிக்குப் பேர் வைத்தவரை அடுத்த தெரு அறியாது.

இனி இலங்கை மாமாவின் கதைக்கு வருகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகப் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். 1983 ஜூலையில் அங்கே தமிழர் வீடுகள் எரிந்தபோது அவர் வீடும் எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கும் இருக்க முடியாமல் படகேறி இங்கே வந்தார். எங்கள் தெருவில் சிங்களம் தெரிந்த ஒரே மனிதர்.

முதல் சில வாரங்கள் டாக்டரை நாங்கள் ஊமைப் படம் மாதிரிதான் பார்த்தோம். ஒரு நாள் சொல்தா தாத்தாதான் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"பாஷை தெரிஞ்சவரு திண்ணையில ஒக்காந்திருக்கீங்க. புள்ளைங்க ஒண்ணும் புரியாம முழிக்குதுங்க. கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

மாமா நிலைப்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. திரையில் சிங்களம் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இவர் மிருகங்களோட கதைக்கிற டொக்டர்" என்றார்.

"கதைக்கிறாருன்னா? கதை சொல்றாரா மாமா?" என்று கேட்டேன் நான். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கதைக்கிறது எண்டால் பேசுறது, பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். படம் ஓடும்போதே கீழ்க்குரலில் தமிழ் ஓடும். டாக்டருக்கு ஒரு குரல், வாத்துக்கு ஒரு குரல், கொள்ளைக்காரனுக்கு ஒரு குரல். டாக்டரின் கப்பல் பருத்தித்துறையில் நங்கூரம் போட்டது. வாத்து பனங்கட்டி வாங்கச் சந்தைக்குப் போயிற்று. கொள்ளைக்காரன் காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். உலகத்திலேயே இந்தத் தொடரைத் தமிழில் கேட்ட குழந்தைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

தெருவில் இதற்கு எதிர்ப்பும் வந்தது. தையற்கடைக்காரர் ஒருநாள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"அங்க நம்ம சனத்தக் கொல்றான். இங்க அவன் பாஷையில பொம்மைப் படம் போட்டுச் சிரிக்கிறீங்களா? ஏரியலத் திருப்புங்க ஐயா!"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1981-ல் எரிந்த யாழ்ப்பாணத்து நூல் நிலையத்தைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கெல்லாம் தெரியும். கடற்கரைக்குப் போனால் அகதிகளைப் பார்க்கலாம். சொல்தா தாத்தா பதில் பேசாமல் மாமாவைப் பார்த்தார். வீடு இழந்தவர் அவர்தானே. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

மாமா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "என்ர வீட்டைக் கொளுத்தினதும் அந்தப் பாஷை கதைக்கிற ஆக்கள்தான். மூண்டு நாள் எங்களை அறைக்குள்ள ஒளிச்சு வைச்சுச் சோறு தந்த மனுசியும் அதே பாஷைதான் கதைச்சது. பிள்ளையள் பார்க்கட்டும்."

தையற்கடைக்காரர் போய்விட்டார். அடுத்த வாரம் அவருடைய மகனே எங்களோடு வந்து உட்கார்ந்தான்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அவ்வளவு அழகாக நிற்கவில்லை. 1987 மே மாதக் கடைசியில் வடமராட்சியில் பெரிய ராணுவ நடவடிக்கை தொடங்கியது. பருத்தித்துறை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மாமாவின் தாயார் அங்கே இருந்தாள். அந்த வாரம் டாக்டர் வழக்கம் போல வந்தார். மாமாவும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேசினார், வாத்து பேசிற்று, தமிழ் வரவில்லை.

"டாக்டர் என்ன சொல்றாரு மாமா?"

"ஒண்டுமில்லை. இண்டைக்கு டொக்டர் கதைக்கேல்லை."

திரையில் டாக்டரின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு வயது எட்டு. ஏதோ கேட்க வாயெடுத்தேன். தாத்தா என் தொடையைத் தட்டி அடக்கினார். அன்று முழுவதும் புரியாத சிங்களத்தில் பார்த்தோம்.

தாயார் பிழைத்திருக்கிறாள் என்று ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டாக்டர் மறுபடி கதைத்தார். ஆனால் அவருடைய கப்பல் அதன் பிறகு பருத்தித்துறைக்குப் போகவில்லை. காரைக்காலுக்கு வரத் தொடங்கியது. அரசலாற்று முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டது; கிளிஞ்சல்மேட்டில் வாத்து மீன் விலை பேசிற்று. எங்கள் ஊர் பெயரைக் கேட்டதும் நாங்கள் துள்ளிக் குதித்தோம். மாமா ஏன் ஊரை மாற்றினார் என்று நினைத்துப் பார்க்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

1990 கோடையில் யுத்தம் மறுபடி மூண்டது. ஜூலையில் கொக்காவில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. அங்கிருந்த கோபுரமும் அழிந்தது. எங்கள் திரையில் டாக்டர் இருந்த இடத்தில் மணல் கொட்டியது போலப் புள்ளிகள் நிறைந்தன. ஏரியலை எப்படித் திருப்பியும் பயனில்லை. "கோபுரத்தை நம்ம பொடியள் அடிச்சிட்டாங்கள்" என்றார் மாமா. அவர் குரலில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். இலங்கைத் தமிழ் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைக்குப் போனால் மாமா 'ஓம்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'ஆமா' என்று எங்களைப் போலச் சொல்லப் பழகினார். பிறருக்கெல்லாம் குரல் கொடுத்தவர் கடைசியில் தமக்கே வேறு குரல் பதிய வேண்டியதாயிற்று. 1992-ல் அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவர் பெயர் கொடுத்துவிட்டுப் போனார். தாயாரைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

நான் எழுத்தாளனான பிறகு ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு சிங்கள நண்பரிடம் இந்தச் சித்திரப் படத்தைச் சொன்னதும் நாற்பத்தைந்து வயது மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டாக்டரின் குரலில் பேசிக் காட்டினார். பல வீடுகளில் அந்தக் காலத்து வீடியோ நாடாவில் பிடித்து வைத்ததிலிருந்து பிரதி எடுத்த சில பகுதிகளை எனக்குப் போட்டுக் காட்டினார். படம் ஓரங்களில் நடுங்கிற்று. ஒலி இரைந்தது. எங்கள் மொட்டை மாடி ஏரியலில் தெரிந்ததைவிடத் தெளிவாகவே இருந்தது!

ஒவ்வொரு வரியாக எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பகுதியில் எனக்கு வியர்த்துவிட்டது. மாமா சொன்னதில் பாதி அதில் இல்லை! பருத்தித்துறை இருக்காது என்பது பெரியவனான பின் நானே ஊகித்ததுதான். ஆனால் டாக்டர் கொள்ளைக்காரனைப் பார்த்து, 'உனக்கும் ஒரு நாள் காயம் படும், அப்போதும் நான் வருவேன்' என்று சொன்னதாக மாமா சொல்வாரே, அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சுதான் இருந்தது. என் வாழ்க்கையில் யாரையாவது மன்னிக்க வேண்டி வந்தபோதெல்லாம் நான் நினைத்துக்கொண்ட வாக்கியம் அது. லாஃப்டிங் எழுதவில்லை, அமெரிக்காக்காரன் எழுதவில்லை, தொட்டவத்தயும் எழுதவில்லை. வீடு எரிந்த ஒரு குமாஸ்தா, சொல்தா வீட்டுக் கூடத்தில், கீழ்க்குரலில் இட்டுக்கட்டியது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "எங்கள் டாக்டரும் இங்கிலீஷ்காரன் சொன்னதைச் சொல்லவில்லையே! தொட்டவத்த எங்களுக்குத் தெரிந்த கிராமத்து வைத்தியராக அல்லவா அவரைப் பேச வைத்தார்? உங்கள் மாமாவும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்" என்றார்.

கொக்காவிலில் 2011-ல் புதிய கோபுரம் கட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் ஏரியல் வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. சொல்தா தாத்தாவின் வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிங்களக் குரலில் ஒரு பகுதியாவது நாடாவில் மிஞ்சியது. தமிழ்க் குரலைப் பதிவு செய்தவர் எவரும் இல்லை. அது ஏழெட்டுப் பிள்ளைகளின் காதில் பதிந்தது. அவர்களில் இருவர் பிரான்சில், ஒருவன் துபாயில்; தையற்கடைக்காரர் மகன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஆனி மாதம் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. புனிதவதியார் கணவன் கேட்டான் என்பதற்காக இறைவனிடம் ஒரு மாங்கனி பெற்றுக் கொடுத்தார். 'இன்னொன்று வாங்கிக் காட்டு' என்றான் அவன். வாங்கிக் கையில் வைத்தார், கையிலேயே மறைந்துவிட்டது. சேக்கிழார் சொல்கிற கதை. சின்ன வயதில், மறைந்த அந்த இரண்டாவது பழத்தைப் பற்றி எனக்கு வருத்தமாக இருக்கும். இப்போது நினைத்துப் பார்த்தால், முதல் பழத்தை அவன் தின்றுவிட்டான் அல்லவா? அதன் ருசி தெரிந்ததால்தானே இன்னொன்று கேட்டான்? போன திருவிழாவில் ஜனங்கள் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறபோது நான் கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பழைய பழக்கம், என் கண் மாம்பழத்தைப் பார்க்காமல் மாடியில் ஏரியல் இருக்கிறதா என்று தேடிற்று.

மாமா எந்த ஊரில் இருந்தாலும், இருக்கிறாரோ இல்லையோ, அவர் சொன்ன டாக்டரை நான் என் பேத்திக்குச் சொல்லப் போகிறேன். கப்பலைப் பருத்தித்துறைக்கே திருப்பிவிடுவதாக உத்தேசம்.